சோயாவை அரைத்துத் தெளித்தால் கத்தரிப் புழு ஒழியுமா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். கொடுங்கையூரில் மொட்டைமாடியில் கத்தரி, தக்காளி, அவரை, வெண்டை வைத்திருக்கிறீர்கள். கத்தரிக்காயில் புழு, அவரைப் பிஞ்சில் அசுவினி, போதாக்குறைக்கு டப்பாவில் போட்டு வைத்த காராமணியில் வண்டு. பூச்சியை எதிர்க்கச் செடிகள் தாங்களே ஒரு புரதம் தயாரிக்கின்றன, அது சோயாவிலும் காராமணியிலும் நிறைய இருக்கிறது என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அதை அரைத்துத் தெளித்தால் போதுமா, சாப்பிடுகிறவர்களுக்குக் கெடுதல் உண்டா, இவ்வளவு நல்ல சமாசாரம் என்றால் விதைக்கடையில் ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க மூன்று கேள்வி. உள்ளே இருப்பது ஒன்றுதான்: செடியின் உடம்புக்குள் இருந்து வேலை செய்கிற பொருளை வெளியே பூசினால் அது வேலை செய்யுமா?

கத்தரிக்காய்ப் புழுவுக்குச் செய்யாது. அசுவினிக்கும் செய்யாது. வெளியே உட்கார்ந்து இலையைக் கடித்துத் தின்னும் இளம் புழுக்களின் வளர்ச்சியைக் கொஞ்சம் மந்தப்படுத்தலாம், அதுவும் நிச்சயமில்லை. காராமணி வண்டைப் பற்றி யோசித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். அந்தப் புரதம் நிறைந்திருக்கிற பயறையேதான் அது சந்தோஷமாகத் துளைத்துத் தின்கிறது.

இந்தப் புரதங்கள் விஷம் அல்ல. பெரும்பாலானவை செரிமானத் தடுப்பான்கள். புழு இலையைத் தின்றால் அதிலுள்ள புரதத்தை உடைத்தால்தான் அதற்குச் சத்து. உடைப்பதற்கு வயிற்றில் டிரிப்சின், கைமோடிரிப்சின் போன்ற நொதிகள் சுரக்கின்றன. செடி தயாரிக்கும் தடுப்பான், அந்த நொதியின் வெட்டும் இடத்தில் போய்ச் சொருகிக்கொண்டு வெளியே வருவதில்லை. பூட்டுக்குள் ஒடிந்துபோன சாவி மாதிரி. நொதி வீணாகிறது, புழு ஈடுகட்ட இன்னும் நொதி சுரக்கிறது, அதற்குச் செலவாகும் அமினோ அமிலமும் அதன் உடம்பிலிருந்துதான் போக வேண்டும். வயிறு நிறையத் தின்றும் புழு வளராமல் நிற்பது இதனால்தான். சோயாவில் இரண்டு வகை உண்டு. ஒன்று 1940-களில் குனிட்ஸ் என்ற விஞ்ஞானி பிரித்தெடுத்துப் படிகமாக்கியது, அவர் பெயரிலேயே வழங்குகிறது. இன்னொன்று பௌமன்-பிர்க் தடுப்பான். அளவில் சிறியது, ஆனால் ஒரே மூலக்கூறில் ஒரு பக்கம் டிரிப்சினையும் மறுபக்கம் கைமோடிரிப்சினையும் பிடித்துக்கொள்ளும். காராமணியில் இருப்பதும் இந்த இரண்டாவது குடும்பம்.

செடி இதை எப்போதும் ஒரே அளவில் வைத்திருப்பதும் இல்லை. விதையில் நிரந்தரமாக இருக்கும். இலையில் பெரும்பாலும் தேவைப்படும்போது மட்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ரயானும் கிரீனும் 1972-ல் இதைக் காட்டினார்கள். உருளை, தக்காளிச் செடியில் ஒரு இலையை வண்டு கடித்தால், கடிபடாத மற்ற இலைகளிலும் தடுப்பான் சேர ஆரம்பிக்கிறது. கடிபட்ட இலையிலிருந்து சேதி போகிறது என்று அர்த்தம். அந்தச் சேதியில் முக்கியமான பங்கு ஜாஸ்மோனிக் அமிலத்துக்கு என்று பிறகு தெரிந்தது. அதன் ஆவியாகும் வடிவம் காற்று வழியாகவே பக்கத்துத் தக்காளிச் செடியை உசுப்பிவிடும் என்பதையும் 1990-ல் மூடிய கண்ணாடி அறைக்குள் செய்து காட்டினார்கள். உங்கள் மாடித் தக்காளியும் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால் எல்லாப் பூச்சிக்கும் வயிறு ஒன்றல்ல. தடுப்பான் புரதம் பற்றிப் பேசுகிற கட்டுரைகள் பலவும் தாண்டிப் போய்விடுகிற இடம் இதுதான். அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு வயிறு கடுங்காரம், பி.எச். 9-லிருந்து 11 வரை. அங்கே டிரிப்சின் வகைதான் முக்கிய நொதி. ஆகவே சோயா, காராமணித் தடுப்பானுக்கு அங்கே வேலை உண்டு. வண்டுகளில் பலவற்றுக்கு வயிறு லேசான அமிலம். அங்கே வெட்டுவது சிஸ்டீன் வகை நொதி. டிரிப்சினுக்காகச் செய்த தடுப்பான் அதில் பொருந்தவே பொருந்தாது. காராமணி வண்டு காராமணியைத் தின்பதில் ஆச்சரியமில்லை என்பது இதனால்தான். அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி இவையெல்லாம் இலையைக் கடிப்பதே இல்லை. ஊசி போன்ற வாயைச் செருகி உள்ளே ஓடும் இனிப்புச் சாற்றை உறிஞ்சுகின்றன. அந்தச் சாற்றில் புரதம் சொற்பம், அமினோ அமிலம் ஏற்கெனவே உடைந்த நிலையில் கிடைக்கிறது. இலைமேல் நீங்கள் பூசிய எதையும் அவை வாயில் வைக்கப் போவதில்லை. சாறு உறிஞ்சிகளுக்கு எதிராக ஆராய்ந்தது வேறு புரதம், லெக்டின். பனித்துளிப் பூ என்கிற ஐரோப்பியச் செடியின் கிழங்கிலுள்ள லெக்டினை நெல்லுக்குள் ஏற்றி, புகையானின் பிழைப்பையும் பெருக்கத்தையும் குறைத்துக் காட்டினார்கள், 1998-ல். அதிலும் புரதம் செடியின் சாற்றுக் குழாய்க்குள் இருந்தாக வேண்டும்.

சரி, அந்துப்பூச்சிப் புழுவுக்காவது பொருந்துகிறதே என்றால், அங்கேயும் புழு சும்மா இருப்பதில்லை. பச்சைக் காய்ப்புழு கொண்டைக்கடலையைத் தின்னும். கொண்டைக்கடலையில் டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது. அதற்குப் புழு தலைமுறை தலைமுறையாகப் பழகிவிட்டது. வயிற்றில் பல ரக டிரிப்சின்களை வைத்துக்கொண்டு, எது அடைபடுகிறதோ அதற்குப் பதில் அடைபடாததைச் சுரக்கிறது. புனே தேசிய வேதியியல் ஆய்வகக் குழு 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. புழு வழக்கமாகத் தின்னும் பயிர்களின் தடுப்பானுக்கு அதன் வயிறு பெரிதாக அசையவில்லை. அது தின்னாத பயிர்களின் தடுப்பானுக்கு, குறிப்பாகச் சிறகவரையினுடையதற்கு, வளர்ச்சி குன்றியது. பிறகு பாகல் விதையிலும் நல்ல பலன் பார்த்தார்கள். ஒன்றையே தொடர்ந்து கொடுத்தால் புழு அதற்கும் வழி கண்டுபிடிக்கும்; மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்னது. தடுப்பான் குறைந்த அளவில் போனால் இன்னொரு வம்பு. சில புழுக்கள் சத்துக் குறைவை ஈடுகட்ட அதிக இலையைத் தின்கின்றன. புகையிலையில் இப்படி நடந்து, தடுப்பான் இல்லாத செடியைவிடத் தடுப்பான் குறைவாக உள்ள செடிக்கே சேதம் கூடியது. அரைகுறை அளவு இல்லாததைவிட மோசம் என்று சொல்லக்கூடிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

இனி தெளிப்பதைப் பற்றி. அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சோயாவின் எடையில் 36 முதல் 40 சதவீதம் புரதம். அந்தப் புரதத்தில் ஏறத்தாழ 6 சதவீதம் டிரிப்சின் தடுப்பான். 100 கிராம் பச்சைச் சோயாவில் சுமார் 2 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊற வைத்து அரைத்து வடிகட்டியதில் முக்கால் பங்கு இறங்கினால் ஒரு லிட்டரில் ஒன்றரை கிராம். பெரிய கத்தரி இலை ஒன்றில் ஒட்டி நிற்கிற தண்ணீர் ஒரு மில்லிலிட்டர் என்றால், ஒன்றரை மில்லிகிராம் தடுப்பான். அந்த இலை 5 கிராம் இருந்தால் காய்ந்த எடை முக்கால் கிராம், ஆக 0.2 சதவீதம். ஆய்வகத்தில் செயற்கை உணவில் கலந்து புழுவுக்குக் கொடுப்பது பெரும்பாலும் 0.1-லிருந்து 1 சதவீதம் வரை. இது தோராயக் கணக்குதான், ஆனாலும் காகிதத்தில் ஒன்றும் கேவலமில்லை. அதனால்தான் இந்த யோசனையைக் கேட்ட உடனே சிரித்துத் தள்ள முடியாது.

மாடியில் ஏறியதும் கணக்கு கெட்டுப்போகிறது. தெளித்தது இலையின் மேல்பக்கத்தில் திட்டுத்திட்டாக நிற்கும், இளம் புழு அடிப்பக்கத்தில் சுரண்டும். ஒரு மழை போதும், எல்லாம் குரோ பேக்குக்குள் இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாரத்துக்கு எத்தனை முறை தெளிப்பீர்கள்? மழையில்லாத நாளில் கடற்காற்றின் ஈரம் இருக்கிறது. சோயாச் சாறு வெறும் தடுப்பான் அல்ல, அது புரதமும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்த பால். ஈரக் காற்றில் அது பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் விருந்து. காலையில் அடித்தது மறுநாள் புளித்த வாடை வரும், இலைமேல் கருமையாகப் படலம் பிடிக்கும், எறும்பு ஏறும். எறும்பு ஏறினால் அசுவினிக்குக் காவலாள் கிடைத்த மாதிரி, பொறிவண்டுகளை அது விரட்டிவிடும். தெளிப்பான் மூக்கும் இரண்டாவது தடவையே அடைத்துக்கொள்ளும், வேட்டித் துணியில் இரண்டு மடிப்பாக வடிகட்டினாலும் அடைக்கும்.

சிலர் மீல் மேக்கரை ஊற வைத்து அரைக்கிறார்கள். அதில் பிரயோசனமே இல்லை. எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிழிந்து செய்வது மீல் மேக்கர். தடுப்பான் அங்கேயே பெரும்பாலும் செத்துவிடுகிறது. காய்ச்சிய சோயாப் பாலும் அப்படித்தான்.

கத்தரிப் புழுவுக்கு ஏன் எதுவும் எட்டாது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். தாய் அந்து இரவில் வந்து இலையின் அடிப்பக்கம், தளிர், மொட்டு, பிஞ்சின் புல்லிவட்டம் இங்கெல்லாம் ஒவ்வொன்றாக முட்டையிடும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். பொரிந்த புழு சில மணி நேரத்துக்குள் தளிருக்குள்ளோ, புல்லிவட்டத்துக்கு அடியில் காய்க்குள்ளோ நுழைந்து, நுழைந்த வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துவிடும். அதன்பின் சுமார் இரண்டு வாரம் வெளி உலகமே அதற்குக் கிடையாது. காயில் நீங்கள் பார்க்கிற வட்டமான ஓட்டை நுழைந்த வழி அல்ல, வெளியேறிய வழி. ஓட்டை தெரிகிறபோது புழு இறங்கிப்போய்ச் சருகுக்குள் கூடு கட்டியிருக்கும். ஆக, தெளித்த எந்தப் பொருளும் அதன் வாயில் படக் கிடைப்பது அந்தச் சில மணி நேரம் மட்டும், அதிலும் அது தின்பது மிகக் கொஞ்சம். செரிமானத்தை மெதுவாகக் கெடுக்கிற புரதத்துக்கு இது போதவே போதாது. புரதம் காயின் சதைக்குள்ளேயே இருந்தால்தான் கதை நடக்கும்.

சதைக்குள்ளேயே வைப்பது என்றால் மரபணு மாற்றம். இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். பி.டி. கத்தரி, பி.டி. பருத்தியில் இருப்பது செடியின் தற்காப்புப் புரதம் அல்ல; பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் புரதம். அது செரிமானத்தைத் தடுப்பதில்லை, புழுவின் குடல் சுவரையே ஓட்டையாக்கிவிடும். வேகமும் வீரியமும் வேறு ரகம். பி.டி. பருத்திக்கு இந்தியாவில் 2002-ல் அனுமதி கிடைத்தது. பி.டி. கத்தரிக்கு, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கெடுத்த வேலை அது, 2010 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது. வங்கதேசம் 2013-ல் அனுமதித்து இப்போது விளைவிக்கிறது.

செடியின் புரதத்தை வைத்து இதே காரியத்தைச் செய்ய முயன்றது பி.டி.க்குப் பிந்தியதும் அல்ல. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1987-ல் காராமணியின் டிரிப்சின் தடுப்பான் மரபணுவைப் புகையிலைக்குள் வைத்து, மொட்டுப் புழுவின் சேதத்தைக் குறைத்துக் காட்டினார்கள். அப்போது பெரிய பரபரப்பு. அதன் பிறகு நெல், பருத்தி, உருளை என்று பல பயிரில் முயற்சி நடந்தது. சீனாவில் பி.டி.யோடு காராமணித் தடுப்பானும் சேர்ந்த பருத்தி ரகம் வயலுக்கே வந்தது. ஆனால் தடுப்பான் மட்டும் தனியாக வைத்து எந்தப் பெரிய பயிரும் சந்தையில் நிலைக்கவில்லை. விவசாயிக்குப் புழு சாக வேண்டும்; இருபது சதவீதம் எடை குறைந்த புழுவைக் காட்டினால் அவர் காசு கொடுக்கமாட்டார். பி.டி. பக்கத்திலேயே இருக்கும்போது, அதே அளவு அனுமதிச் செலவு செய்து இதை யார் கொண்டுவருவார்கள்? உங்கள் விதைக்கடைக் கேள்விக்கு என் பதில் அதுதான். சதி ஒன்றும் இல்லை.

நன்றாக வேலை செய்தும் கைவிடப்பட்டது ஒன்று உண்டு, அது பட்டாணி. ராஜ்மா குடும்ப பீன்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதிக்கு ஒரு தடுப்பான் இருக்கிறது. காராமணி வண்டுக்குப் புரத நொதி வேறு ரகமாக இருந்தாலும் மாவுச்சத்து வேண்டுமே, அங்கே மாட்டிக்கொள்கிறது. ராஜ்மாவில் காராமணி வண்டு பிழைக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ராஜ்மாவுக்கு என்றே பழகிய வேறு வண்டுகள் உண்டு, அவற்றின் அமிலேஸை இந்தத் தடுப்பான் பிடிப்பதில்லை. இந்த மரபணுவைப் பட்டாணியில் வைத்தபோது பட்டாணி வண்டு கிட்டத்தட்ட ஒழிந்தது. ஆஸ்திரேலிய அரசு ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ பத்து வருட வேலைக்குப் பிறகு 2005-ல் அதை நிறுத்தியது. எலிகளுக்குக் கொடுத்தபோது நோயெதிர்ப்பு எதிர்வினை கிளம்பியது. அதே புரதம் பட்டாணிக்குள் உருவாகும்போது அதன்மேல் ஒட்டும் சர்க்கரைகள் மாறுகின்றன என்று விளக்கம் சொன்னார்கள். 2013-ல் வேறொரு குழு, மரபணு மாற்றாத சாதாரண பீன்ஸும் பட்டாணியும்கூட எலியில் அதே மாதிரி எதிர்வினை தருகின்றன என்று எழுதியது. இதில் நான் ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்லமாட்டேன். புரதம் வண்டைத் தடுத்தது உறுதி. மனிதருக்கு ஒவ்வாமை தருமா என்பது நிரூபணமும் ஆகவில்லை, மறுப்பும் முழுதாக முடியவில்லை.

இதே மாதிரி சந்தேகத்தில் நிற்கிற இன்னொன்று, உங்கள் கேள்விக்கு மூலமான காராமணிக் கதையே. வண்டை எதிர்க்கிற ஒரு ஆப்பிரிக்கக் காராமணி ரகத்தில் தடுப்பான் அதிகம், அதனால்தான் எதிர்ப்பு என்று 1979-ல் சொன்னார்கள். இணையத்தில் இன்றும் சுற்றுவது அந்தக் கதை. பிறகு பார்த்தால் தடுப்பான் அதே அளவு உள்ள வேறு ரகங்களை வண்டு தின்றது. இப்போது அதிகம் நம்பப்படுவது, அந்த ரகத்தின் சேமிப்புப் புரதமே சற்று மாறி வண்டுப் புழுவின் குடலில் ஒட்டிக்கொள்கிறது என்பது. கேழ்வரகிலும் இந்தக் கவனம் தேவை. ஆடி மாதம் வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் அண்டா அண்டாவாகக் கூழ் ஊற்றுகிறோமே, அந்தத் தானியத்தில் டிரிப்சினையும் அமிலேஸையும் சேர்த்தே தடுக்கிற ஒரு அபூர்வப் புரதம் இருக்கிறது, மாவுப்புழுவின் அமிலேஸை அது நன்றாகப் பிடிக்கும். கேழ்வரகு வருடக்கணக்கில் கெடாததற்கு அதுதான் காரணம் என்று எழுதுகிறார்கள். மணி கடுகளவு, உள்ளே ஒரு வண்டுப்புழு வளர இடமில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். அரிசியிலும் சிஸ்டீன் நொதிக்கான தடுப்பான் ஒன்றை 1987-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதன் அளவு சொற்பம், செங்குன்றத்து ஆலைக் கிடங்கில் அரிசி வண்டு ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை.

அப்படியானால் மாடியில் என்னதான் செய்வது? செடியின் சொந்தத் தற்காப்பை நாமே அணைக்காமல் இருப்பது முதல் வேலை. மாடித்தோட்டக் குழுக்களில் ஆஸ்பிரின் மாத்திரை கரைத்துத் தெளிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. ஆஸ்பிரின் என்பது சாலிசிலிக் அமிலத்தின் ஒரு வடிவம்; அந்த அமிலம் சில பூஞ்சை, வைரஸ் நோய்க்கு எதிராகச் செடியை உசுப்பும் என்பது உண்மை. ஆனால் அது ஜாஸ்மோனிக் பாதைக்கு எதிரி. ஆஸ்பிரின் உறிஞ்ச வைத்த தக்காளி நாற்றுகளில், இலையைக் காயப்படுத்தினாலும் தடுப்பான் சேராமல் போனதை 1988-லேயே காட்டியிருக்கிறார்கள். அது வெட்டிய தண்டு வழியாக ஏற்றியது, நீங்கள் தெளிப்பதும் அதே அளவுக்குக் கெடுக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் புழுத் தொல்லை இருக்கும்போது ஆஸ்பிரின் தெளிப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. யூரியா, புளித்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் இவற்றை அடிக்கடி ஊற்றுவதும் அப்படித்தான். தளதளவென்று வரும் மென்மையான தளிரில் அமினோ அமிலம் மிதக்கும், அசுவினிக்குக் கல்யாணச் சாப்பாடு.

கத்தரிக்கு வலைதான் சரியான மருந்து. இந்த அந்து இறக்கையை விரித்தால் இரண்டு சென்டிமீட்டர், சாதாரணக் கொசுவலையே தடுத்துவிடும். நாற்று நட்ட வாரமே நான்கு குச்சி நட்டு மூடி, அடிப்பக்கத்தைப் பையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். பூத்த பிறகு மூடினால் முட்டையும் சேர்ந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், காலையில் செடியை லேசாகத் தட்டிவிட்டால் போதும். இப்போது இருக்கிற செடியில் வாடித் தொங்கும் தளிர் நுனியைப் பார்த்த அன்றே, துளை முடிகிற இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே நறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள், அங்கேயே கூடு கட்டி அந்தாகப் பறந்து திரும்பி வரும். பைக்குள் உதிர்ந்த சருகையும் வாரம் ஒரு முறை எடுத்துவிடுங்கள். இனக்கவர்ச்சிப் பொறி ஆண் அந்துகளைத்தான் பிடிக்கும்; பக்கத்து மாடியில் ஏற்கெனவே கூடிவிட்டு வருகிற பெண் அந்துக்கு அது ஒன்றும் செய்யாது. நாலு செடிக்கு அதை நம்ப வேண்டாம்.

தெளிக்கத்தான் வேண்டும் என்றால் வேப்பங்கொட்டைக் கரைசல். ஒரு லிட்டருக்கு ஓடு நீக்கிய பருப்பு 50 கிராம், இடித்து இரவு முழுக்க ஊற வைத்து, துணியில் வடிகட்டி, ஒரு கிராம் சோப்பு சேர்த்து, சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு இலை அடியில் படும்படி. பழைய கொட்டையில் வீரியம் இருக்காது, கடைசியாக முடிந்த சீசனின் கொட்டையாகப் பார்த்து வாங்குங்கள். வெண்டை, தக்காளியில் இலையைத் தின்னும் சின்னப் புழுவுக்குக் கடையில் கிடைக்கும் பி.டி. பொடி லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம், அதுவும் சாயங்காலம்தான். புரோடீனியா என்கிற வெட்டுப்புழு வளர்ந்துவிட்டால் இதற்கு அவ்வளவாக அசையாது, கையால் பொறுக்குவதே மேல். அவரை அசுவினிக்குக் காலையில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிட்டு, எறும்பு ஏறும் வழியைத் தடுங்கள். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மி.லி., சோப்பில் நன்றாகக் கலக்கி. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் உப்பு ஏறிய போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, எண்ணெய் பிரிந்து மேலே மிதந்து இலையைச் சுட்டுவிடும். கலக்குவதற்கு மெட்ரோ தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுங்கள்.

தடுப்பானைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் அதற்கு வழி உண்டு, கல்லூரி ஆய்வகங்களில் செய்கிற சோதனைதான். பழைய எக்ஸ்ரே பிலிமின் கறுப்புப் படலம் ஜெலட்டின். அதை டிரிப்சின் கரைத்துவிடும். ஒரு கிராம் பச்சைச் சோயாவைப் பொடித்துப் பத்து மி.லி. தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து வடிகட்டுங்கள். அதில் பாதியை அரை மணி நேரம் கொதிக்க வைத்து, வற்றிய தண்ணீரை ஈடுசெய்து ஆற வையுங்கள். மருந்துக்கடைக் கணையநொதிக் குருணையை நன்றாக நசுக்கி, ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கரையுங்கள். வெறும் தண்ணீரில் அதன் மேல்பூச்சு சரியாகக் கரையாது. நொதியோடு தண்ணீர், நொதியோடு பச்சைச் சோயாச் சாறு, நொதியோடு கொதித்த சாறு என்று மூன்றையும் சம அளவில் கலந்து, பத்து நிமிடம் விட்டு, பிலிமில் ஒவ்வொரு சொட்டு. அரை மணி கழித்துக் குழாயில் கழுவினால் முதல் சொட்டின் இடம் கண்ணாடியாக இருக்கும். பச்சைச் சாறு பட்ட இடம் கறுப்பாகவே நிற்கும், அல்லது லேசாக வெளுத்திருக்கும், கணையநொதியில் வேறு நொதிகளும் கலந்திருப்பதால். கொதித்த சாறு பட்ட இடம் ஏறத்தாழ முதல் சொட்டைப் போலவே இருக்கும். இப்போது ஸ்கேன் மையங்களில் கொடுக்கும் உலர் பிலிமில் இது வராது, கழுவி எடுத்த அந்தக் காலத்துப் பிலிம் வேண்டும். இந்தச் சோதனை சொல்வது விலங்கின் டிரிப்சினைப் பற்றி மட்டுமே, உங்கள் புழுவின் வயிற்றைப் பற்றி அல்ல.

சாப்பிடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். நம் கணையமும் டிரிப்சின்தான் சுரக்கிறது, ஆகவே பச்சைச் சோயா நமக்கும் செரிமானத் தடைதான்; கோழிக்குஞ்சுக்கும் எலிக்கும் கொடுத்துப் பார்த்ததில் கணையம் வீங்கியது. ஊற வைத்து நன்றாக வேக வைத்தால் பெரும்பகுதி போய்விடும், பௌமன்-பிர்க் கொஞ்சம் சூடு தாங்கும், அதனால் அரைவேக்காடு கூடாது. தெளித்த கத்தரிக்காயைக் கழுவிச் சமைத்தால் பயமில்லை. ராஜ்மா சாற்றை மட்டும் எதிலும் தெளிக்காதீர்கள், அதுவும் புதினா, கொத்தமல்லி பக்கம் போகவே கூடாது. பச்சை ராஜ்மாவின் லெக்டின், நாலைந்து கொட்டைக்கே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைக்கும். சமைக்கும்போதும் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

காராமணி டப்பாவுக்கு வருவோம். பயறின்மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருப்பவை முட்டைகள், உள்ளே புழு இறங்கியிருக்கலாம். அந்தப் பயறை உறைபெட்டியில் காற்றுப் புகாத பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அடுத்த முறை கொத்தவால் சாவடியிலோ செங்குன்றத்திலோ மொத்தமாக வாங்கினால், பல்லில் கடித்தால் டக்கென்று உடைகிற வரை வெயிலில் காய வைத்து, விதைக்கு வைப்பதில் மட்டும் கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. கடலை எண்ணெய் பிசறி மூடுங்கள். எண்ணெய்ப் படலத்தில் முட்டைக்கு மூச்சு முட்டிவிடும். அவரைப் பூச்சியையும் தக்காளி இலையையும் இலையின் அடிப்பக்கம் தெரியும்படி படமெடுத்துப் போடுங்கள். எந்தப் புழு என்று பார்க்காமல் மேற்கொண்டு மருந்து சொல்வது சரியாக இருக்காது.